கிரயப் பத்திரம் எழுதிக் கொடுத்த நிலத்தை அடமானம் என்று சொல்லி மீட்க முடியுமா?

உங்கள் அப்பா கடன் வாங்கும்போது நிலத்தைக் கிரயமாக எழுதிக் கொடுத்திருக்கிறார். 3 வருடத்துக்குள் பணத்தைக் கட்டினால் திரும்ப எழுதித் தருவதாகப் பேச்சு. கெடு தாண்டியதும் கடன் கொடுத்தவர் "நிலம் என்னுது" என்கிறார். இதுதானே கேள்வி? திரும்ப எழுதித் தரும் வாசகம் எந்தப் பத்திரத்தில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் அதைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

நான் வக்கீல் இல்லை. ஆனால் இதே மாதிரி ஒரு வழக்கை முன்சீப் கோர்ட்டிலிருந்து மதுரை ஹைகோர்ட் கிளைவரை நடத்தி ஜெயித்த குடும்பம் எங்களுடையது. அதனால் தெரிந்துதான் சொல்கிறேன். அந்த வாசகம் கிரயப் பத்திரத்துக்குள்ளேயே இருந்தால் உங்களுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. தனி ஒப்பந்தமாக இருந்தால் அடமானம் என்று வாதாடுவதே கடினம். 1929-ல் சொத்து மாற்றுச் சட்டத்தின் 58(சி) பிரிவைத் திருத்தி, நிபந்தனை அதே பத்திரத்தில் இருந்தால்தான் அடமானம் என்று சேர்த்துவிட்டார்கள். 2023-ல் வந்த ஒரு வழக்கிலும் சுப்ரீம் கோர்ட் இதையே சொல்லியிருக்கிறது. வட்டிக்கு விடுகிறவர்களுக்கு இது அத்துப்படி. கிரயம் ஒன்று, மீள்கிரய ஒப்பந்தம் ஒன்று என்று பிரித்து எழுதி வாங்குவது இதனால்தான்.

எங்கள் பத்திரம் 1994-ல் எழுதியது. அக்கா கல்யாணத்துக்காக 40,000 ரூபாய். நிலம் 1 ஏக்கர் 20 சென்ட். பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில், "5 வருடக் கெடுவுக்குள் மேற்படி தொகையைச் செலுத்தினால் மேற்படி சொத்தைத் திரும்பக் கிரயம் செய்து கொடுப்பதாகவும், தவறினால் இதுவே சுத்தக்கிரயமாகக் கொள்வதாகவும்" என்று இருந்தது. சுத்தக்கிரயம் என்றால் நிபந்தனை இல்லாத முழு விற்பனை. கெடு முடிந்த பிறகும் அப்பாதான் உழுதார். சம்பா அறுவடை முடிந்ததும் வட்டிக்காக நெல் மூட்டை கடன் கொடுத்தவர் வீட்டுக்குப் போகும், அவரும் வாங்கி வைத்துக்கொள்வார். ஊருக்குப் பக்கத்தில் பைபாஸ் வந்து நிலத்தின் விலை ஏறியதும்தான் அவருக்கு "சுத்தக்கிரயம்" ஞாபகம் வந்தது. பணத்தோடு போன அப்பாவைத் திண்ணையிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்.

2005-ல் மீட்பு வழக்குப் போட்டோம். முன்சீப் கோர்ட்டில் தோற்றோம். தலைப்பில் கிரயம் என்று இருக்கிறது, கெடுவும் தாண்டிவிட்டது என்று தள்ளிவிட்டார்கள். அப்பீலில் சப் கோர்ட் அதை மாற்றியது. அங்கே எங்களைக் காப்பாற்றியது காகிதங்கள். அப்பா தகரப் பெட்டியில் கந்தாய (நிலவரி) ரசீதுகளை வருடவாரியாக நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தார், எல்லாம் அவர் பெயரில். பட்டாவும் மாறவில்லை. எதிர்த்தரப்பைக் கூண்டில் நிறுத்தி, 10 வருடமாக ஏன் பட்டா மாற்றவில்லை என்று எங்கள் வக்கீல் கேட்டார். "நேரம் கிடைக்கல" என்றார். அவர் அதே காலத்தில் வாங்கிய வேறொரு நிலத்துக்கு உடனே பட்டா மாற்றிய நகலை எடுத்து நீட்டினார் வக்கீல். அதற்கு அவரிடம் பதில் இல்லை. எங்கள் வரப்பை ஒட்டிய நிலம், பத்திரம் எழுதிய அதே வருடம் ஏக்கர் 90,000-க்குக் கிரயமாகியிருந்தது. அந்தப் பத்திரத்தின் சான்று நகலையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கிக் கொடுத்திருந்தோம். அந்த விலை போகிற நிலத்தை 40,000-க்கு யார் விற்பார்கள்?

எங்கள் வக்கீல் நம்பியது 1954-ல் வந்த சுன்சுன் ஜா வழக்கின் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பை. நிபந்தனை அதே பத்திரத்தில் இருந்து, 58(சி) கேட்பதெல்லாம் பொருந்தினால் அதை அடமானமாகவே கொள்ள வேண்டும் என்கிறது அது. அதற்காக ஒரே பத்திரத்தில் இருந்தாலே ஜெயம் என்று நினைத்துவிடாதீர்கள். விலை, நிலம் யார் அனுபவத்தில் இருந்தது, வரி, கடன் உறவு எல்லாவற்றையும் பார்ப்பார்கள். உண்மையான கிரயம்தான் என்று முடிவானால் கெடு கெடுதான், ஒரு நாள்கூட நீட்ட மாட்டார்கள். அடமானம் என்றானால் மீட்க 30 வருடம் அவகாசம் உண்டு.

"சொன்ன கெடுவில் கட்டாதது உங்கள் அப்பா தப்பு, கடன் கொடுத்தவர் பாவம் இல்லையா" என்று இதைப் படித்துவிட்டுக் கேட்பவர்கள் இருப்பார்கள். அவருடைய அசல் கோர்ட் மூலமாக அவருக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கு முன்னால் வருடா வருடம் நெல்லும் போனது. அவர் இழந்தது என்ன? சென்னை மாகாணத்திலிருந்து அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில்வரை போன ஒரு வழக்கில், 1870-ல், கெடு தவறினால் நிலம் போனதுதான் என்று தீர்ப்பானது. 1882-ல் மேலே சொன்ன சொத்து மாற்றுச் சட்டம் வந்து மீட்கும் உரிமையைக் கொடுத்தது. கெடுவைக் காட்டி நிலத்தைப் பிடுங்கக் கூடாது என்பதற்காகத்தானே அந்தச் சட்டம்?

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த 40,000-ம் போனது மாப்பிள்ளை வீட்டார் கேட்ட நகைக்கு. கேஸ் நடந்த காலத்தில் அதே சம்பந்திகள் "ஒரு குழி நிலம்கூட இல்லாத வீடு" என்று விசேஷத்துக்கு விசேஷம் அக்காவைக் குத்திக் காட்டினார்கள். நிலம் யாருக்காக எழுதப்பட்டது என்று அவர்களுக்குத் தெரியாதா? ஹைகோர்ட் தீர்ப்பு வந்த பிறகும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா இன்றுவரை அதை மறக்கவில்லை, நானும்தான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்கே வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அவர் நிலத்தை வேறு யாருக்காவது விற்றிருந்தால் வாங்கியவரையும் வழக்கில் சேர்க்க வேண்டிவரும். பழைய கந்தாய ரசீது, அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு), வட்டி கொடுத்ததற்கு ஏதாவது எழுத்து இருந்தால் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். கோர்ட் கட்டணம் கடன் தொகையை வைத்துத்தான், இன்றைய நிலவிலைக்கு அல்ல, அதனால் பயப்பட வேண்டாம். எந்த வெற்றுத்தாளிலும் அப்பாவைக் கையெழுத்துப் போட விடாதீர்கள். அந்த நிபந்தனை வாசகத்தைப் பெயர், ஊர் இல்லாமல் இங்கே எழுதினால் எனக்குத் தெரிந்தவரை படித்துச் சொல்கிறேன். அப்புறம் சிவில் பார்க்கும் வக்கீலிடம் போங்கள்.