சொட்டு மருந்து போட்டும் பார்வை கூடவில்லையே?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. கண்ணில் பிரஷர் என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஆறு மாதம் போட்டும் பார்வை கொஞ்சம்கூடத் தெளியவில்லை என்று நிறுத்திவிட்டார். கண்புரைக்குச் செய்வதுபோல் ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடுமா?

பதில்: இந்த வாரமே அவரைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கண்புரையில் மங்குவது லென்ஸ். அதை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைத்தால் பார்வை திரும்பும். உங்கள் அப்பாவுக்கு இருப்பது குளுக்கோமா, அதாவது கண் நீர் அழுத்த நோய் என்று தெரிகிறது. இதில் கெடுவது பார்வை நரம்பு. கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாவிட்டால் அழுத்தம் ஏறி நரம்பு இழைகள் சிறிது சிறிதாகச் சாகின்றன. செத்த இழையை எந்த மருந்தும் மீட்காது. லேசரோ ஆபரேஷனோ செய்தாலும், நீர் வடிய வழி கிடைத்து அழுத்தம் இறங்கும், அவ்வளவுதான். சொட்டு மருந்தும் மிச்சமிருக்கும் பார்வையைக் காக்கத்தான். இதைத் தொடக்கத்திலேயே புரியும்படி சொல்லாதது மருத்துவர்களான எங்கள் தரப்புக் குறைதான்.

இந்த நோயில் பெரும்பாலும் வலி இருக்காது. முதலில் போவது ஓரப் பார்வை. பேப்பர் நன்றாகப் படிப்பார், பக்கவாட்டில் வரும் வண்டி தெரியாது. (திடீரென்று கண் சிவந்து, கடுமையாக வலித்து, வாந்தியும் வந்து, பல்பைச் சுற்றி வானவில் தெரிந்தால் அது வேறு வகை. அன்றைக்கே ஓட வேண்டும்.)

அழுத்தம் வழக்கமாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். அதற்குள் இருந்தும் நரம்பு கெடுபவர்கள் உண்டு. அதனால் அந்த எண்ணை மட்டும் பார்த்து நிம்மதியாகிவிடாமல், ஓரப் பார்வை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பார்வைப் புலப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள்.

மருந்து போடுவதிலும் பலர் தப்பு செய்கிறார்கள். கீழிமையை இழுத்து ஒரே சொட்டு. பிறகு கண்ணை மூடி, மூக்கோரக் கண்முனையை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து மூக்கு வழியே தொண்டைக்குப் போய்விடும். இரண்டு மருந்து என்றால் நடுவில் 5 நிமிடம் இடைவெளி. இந்த நோய்க்குக் கொடுக்கும் சொட்டு மருந்துகளில் ஒன்றான டிமோலோல் (Timolol), வீசிங் உள்ளவர்களுக்கு ஆபத்து. அப்பாவுக்கு வீசிங் இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கண் சிவந்தால் மெடிக்கலில் தானாக வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் வேண்டாம், அழுத்தத்தை ஏற்றிவிடும்.

இது குடும்பத்தில் தொடரக்கூடிய நோய். உங்கள் வயதை எழுதவில்லை. 40-ஐத் தொட்டிருந்தால் அப்பாவோடு போகிற அன்றே உங்கள் கண்ணையும் காட்டிவிடுங்கள்.