ரயில் அருங்காட்சியகத்தில் பழைய இரும்பைத் தவிர பிள்ளைகளுக்குக் காட்ட என்ன இருக்கிறது?

நீராவி இன்ஜின் முன்னால் படம் எடுத்துக்கொண்டதும் உங்கள் பிள்ளைகள் வெளியே ஓடிவிட்டார்கள், அந்தச் சலிப்பில்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இன்ஜினை விட்டுவிட்டுச் சின்னப் பொருள்களின் பக்கம் போங்கள்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் தாப்பா ரோடு என்ற ஊரில் வளர்ந்தவன். அப்பா ரயில்வே ஸ்டேஷனில் போர்ட்டர். அம்மா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவினார். ஒரு கண்காட்சியில், தோல் பை கோத்த பெரிய வளையம் ஒன்று கண்ணாடிக்குள் தொங்கியது. "டோக்கன் வளையம்" என்பதற்கு மேல் ஒரு வரி இல்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மகளை அங்கேயே நிறுத்திச் சொன்னேன்: ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் வந்துவிடக் கூடாது. அதற்காக அடுத்தடுத்த இரு ஸ்டேஷன்களிலும் கம்பியால் இணைத்த கருவிகள் இருக்கும். அந்தப் பாதையில் போக அனுமதியாகக் கொடுக்கும் சின்ன உலோகத் துண்டுதான் டோக்கன். கருவியிலிருந்து ஒன்றை வெளியே எடுத்தால், அது மீண்டும் கருவிக்குள் போகும்வரை இன்னொன்றை எடுக்க முடியாது. அது கையில் இல்லாமல் டிரைவர் அந்தப் பாதையில் நுழையக் கூடாது. நிற்காத வண்டி என்றால் டோக்கனைத் தோல் பையில் போட்டு, அப்பா பிளாட்பார விளிம்பில் வளையத்தை உயர்த்திப் பிடித்து நிற்பார். ஓடும் இன்ஜினிலிருந்து ஒருவர் அதற்குள் கையை நுழைத்து வாங்கிக்கொள்வார். மழையோ இருட்டோ, கை தாழக் கூடாது. அப்பாவின் முன்னங்கை கன்றிப்போயிருக்கும். மகள் அதன் பிறகு அந்தக் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

பொறியாளர்களைக் குறைத்துப் பேசுகிறான் என்று இங்கே சிலர் வருவார்கள். இல்லை. 1885 ஜூன் 1-ல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதல் ரயில் ஓடியது; திட்டமிட்டவர்களுக்கு அந்தப் பெருமை உண்டு. ஆனால் அந்தப் பாதையை அமைக்க இலங்கையிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்களே, அவர்களையும் சொல்லுங்கள் என்கிறேன். போர்ட் வெல்ட், இன்றைய கோலா செபத்தாங், போனால் பழைய பெயர்ப்பலகையைப் பாருங்கள். தமிழும் அதில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட சயாம் மரண ரயிலின் 415 கிலோமீட்டருக்கு நம் தோட்டங்களிலிருந்து எத்தனை பேரை அள்ளிக்கொண்டு போனார்கள்! அந்தக் குடும்பங்களின் பெட்டியிலும் பரணிலும் கிடப்பவை எந்தக் கண்ணாடிக்குள் இருக்கின்றன?

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் நெஞ்சில் குத்துகிறது. அம்மா வேலை செய்த தோட்டம் கைமாறியபோது, தோட்டப் பள்ளியின் பழைய வருகைப் பதிவேடுகளைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்திவிட்டார்கள். கேட்கப்போனவர்களை அலுவலக வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். உங்கள் கேள்விக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றால் இல்லைதான்.

அடுத்த முறை பிள்ளைகளோடு ஒரே ஒரு பொருளின் முன் நில்லுங்கள். இதைப் பிடித்தவர் யார், எங்கே நின்று பிடித்தார் என்று பொறுப்பாளரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தக் கேள்வியைப் பார்வையாளர் புத்தகத்தில் தமிழிலேயே எழுதிவிட்டு வாருங்கள். நான் எழுதியிருக்கிறேன்.