ஷாஹுல் ஹமீதா, ஸைஃபா? ஷார்ஜாவிலிருந்து ஒரு பதில்

வ அலைக்கும் ஸலாம் தம்பி. ஷார்ஜா வந்து நாலு மாதம், அடுத்த மாதம் மனைவிக்குப் பிரசவம், பிறக்கப்போவது பையன் என்று எழுதியிருந்தீர்கள். ஊரில் உங்கள் அம்மா ஷாஹுல் ஹமீது என்கிறார், மனைவி ஸைஃப் என்கிறார், அரபிகள் காதுக்கு எது சரியாக இருக்கும் என்பது உங்கள் கேள்வி. எந்தப் பெயர் என்றாலும் அதன் அரபி எழுத்தை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். அதைச் செய்யாமல் நான் பட்ட பாடு இருக்கிறது.

என் அத்தா (அப்பா) திருவாரூர் பக்கம் நெல் விவசாயம் செய்தவர். அரபியில் ஹாரிஸ் என்றால் உழுது பயிரிடுபவர் என்று தெரிந்ததும் மூத்தவனுக்கு அதையே வைத்தோம். பெயர்களில் மிக உண்மையானவை ஹாரிஸும் ஹம்மாமும் என்று நபிமொழியும் உண்டு. விண்ணப்பங்களை அரபியில் அடித்துத் தரும் டைப்பிங் சென்டரில் பெயரை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பிறப்புச் சான்றிதழை என்னோடு வேலை பார்த்த எகிப்துக்காரர் வாசித்துவிட்டு, "மாஷா அல்லாஹ், காவலாளி" என்றார். எனக்குப் புரியவில்லை. அவர் விரலை வைத்துக் காட்டினார். கடைசி எழுத்து மேலே மூன்று புள்ளி வைத்த 'ஸா'வாக இருக்க வேண்டும். பல் பல்லாக இருக்கும் ஸீனைப் போட்டிருந்தார்கள். அத்தாவை நினைத்து வைத்த பெயர், தாளில் வேறொருவன் பெயராக நின்றது. திருத்தி வாங்க இரண்டு மாதம் அலைந்தேன்.

உங்கள் மனைவி சொல்லும் ஸைஃபிலும் இதே ஆபத்து உண்டு. ஸீனில் எழுதினால் வாள். அழுத்தி உச்சரிக்கும் ஸாதில் எழுதினால் கோடைக்காலம். நம் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். ஜமீலும் அப்படித்தான்: ஜீமில் எழுதினால் அழகன், ஆங்கில z போல ஒலிக்கும், மேலே ஒற்றைப் புள்ளி வைத்த எழுத்தில் எழுதினால் கூட வேலை செய்பவன்.

இப்போது அம்மா சொன்ன பெயருக்கு வருகிறேன். அரபிகள் வைப்பதில்லை என்பதற்காக அதை ஒதுக்கிவிடாதீர்கள் தம்பி. ஷாஹ் பாரசீகச் சொல், அரசன் என்று பொருள். ஹமீது அரபி, புகழுக்குரியவன். முஹம்மது, அஹ்மது, மஹ்மூது எல்லாமே அந்த ஹ-ம-த வேரிலிருந்து வந்தவைதான். நாகூர் ஆண்டவர் பெயரை நம் வீடுகளில் எத்தனை தலைமுறையாக வைத்து வருகிறோம்! முஸ்லிம் பெயர் எல்லாமே அரபியிலேயே பிறந்தது என்றும் இல்லை. இப்ராஹீமும் யூசுஃபும் எபிரேயத்திலும் வழங்கும் பழைய பெயர்கள். சிக்கந்தர் கிரேக்கத்து அலெக்சாண்டர். நம் ஊர் மைதீன், பாக்தாதில் அடங்கியிருக்கும் அப்துல் காதிர் ஜீலானியின் பட்டமான முஹ்யித்தீன், மார்க்கத்தை உயிர்ப்பித்தவர்.

இங்கே இன்னொன்றும் இருக்கிறது. அரபியில் உயிர்க்குறி போடாமல் எழுதும்போது ஹமீதும் ஹுமைதும் ஒரே எழுத்துதான். பக்கத்து அஜ்மான் ஆட்சியாளரின் பெயர் ஷேக் ஹுமைத். ஆகவே உங்கள் மகன் பெயரில் பாதி இந்த ஊர்க்காரர்களுக்கு ரொம்பப் பழக்கமானது.

ஆனால் பெயரை நடுவில் வெட்டிவிடாதீர்கள். வெறும் 'ஷாஹுல்' என்பது பாதியில் நிற்கும் சொல். அப்துல்லும் அப்படித்தான், யாருடைய அடியான் என்பதே இல்லாமல் போய்விடும். பாஸ்போர்ட்டில் அப்துல் ஒரு கட்டத்திலும் ரஹ்மான் இன்னொரு கட்டத்திலும் விழுந்து, ஆபீஸில் ஒருவரை "ரஹ்மான்" என்று கூப்பிடும்போது எனக்கு மனம் கூசும். ஹமீது, கரீம் எல்லாம் மனிதருக்கும் வழங்கும், ரஹ்மான் அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியது. எனவே முழுப் பெயரையும் கிவன் நேமில் சேர்த்துப் போடுங்கள், சர்நேமில் உங்கள் பெயரைப் போடுங்கள். அதைக் காலியாக விடக் கூடாது. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் விசிட் விசாவுக்கு வருபவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து இங்கே கட்டுப்பாடு இருக்கிறது.

பையன் பிறந்துவிட்டால் உங்கள் பெயரும் மாறிவிடும். என்னை இங்குள்ள அரபிகள் 'அபூ ஹாரிஸ்' என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஹாரிஸின் அத்தா என்று. அந்த மூன்று புள்ளி எழுத்தை அவர்கள் நாக்கு நுனியில் சரியாகச் சொல்லும்போது ஊரில் இருக்கும் எங்கள் வயல் ஞாபகம் வந்துவிடும்.

பள்ளிவாசல் இமாமிடம் பெயரை அரபியில் எழுதி வாங்கி, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகும் பையிலேயே அந்தத் தாளை வைத்துவிடுங்கள். குழந்தைக்கு விசா எடுக்க 120 நாள்தான், அதற்குள் பாஸ்போர்ட்டும் வர வேண்டும். சுகப்பிரசவம் ஆக துஆ செய்கிறேன். ஏழாம் நாள் என்ன பெயர் வைத்தீர்கள் என்று மறக்காமல் எழுதுங்கள்.