ஈராக் போர் கொடுத்த விலைக்குத் தகுமா? எந்தக் கணக்கை நம்புவது?

கேள்வி: விருதுநகரில் பருப்பு மொத்த வியாபாரம் செய்கிறேன். என் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. மகள் மதுரையில் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரிகளுக்கு இடையிலான பேச்சுப் போட்டியில், ‘ஈராக்கில் மக்களாட்சியை நிறுவ அமெரிக்கா நடத்திய போர் கொடுத்த விலைக்குத் தகும்’ என்று பேசும்படி அவளுக்குச் சீட்டு விழுந்திருக்கிறது. செலவு 80 ஆயிரம் கோடி டாலர் என்று ஓரிடத்தில் இருக்கிறது, 3 லட்சம் கோடி என்று இன்னோரிடத்தில் இருக்கிறது. செத்தவர்கள் 2 லட்சம் என்பவரும் உண்டு, 6 லட்சம் என்பவரும் உண்டு. எதை எடுத்துக்கொள்வது? அவள் இந்தப் பக்கம் பேசுவது சரிதானா?

பதில் (அரசுத் தணிக்கைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்):

உங்கள் கடையில் ஒரு மூட்டைத் துவரம்பருப்புக்குக் கொள்முதல் விலை ஒன்று இருக்கும். வண்டிக்கூலி, இறக்குக்கூலி, வட்டி எல்லாம் ஏறிய பிறகு வரும் அடக்க விலை வேறொன்று. இரண்டையும் பேரேட்டில் பார்த்துவிட்டுக் கணக்குப்பிள்ளை பொய் எழுதிவிட்டார் என்று யாரும் சொல்வதில்லை. நீங்கள் பார்த்த தொகைகளும் அப்படித்தான்.

முதலில் பூஜ்யங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பில்லியன் என்றால் நூறு கோடி, டிரில்லியன் என்றால் லட்சம் கோடி. நம் பத்திரிகைகளே இதில் அடிக்கடி வழுக்கி விழுகின்றன.

சுமார் 81,500 கோடி டாலர் என்பது கொள்முதல் விலை. 2014 வரை இந்தப் போருக்கென்று அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்கிய பணம் அது. அதன்மேல் கடனுக்கான வட்டி ஏறும். கால் போன, கண் போன, தூக்கம் போன வீரர்களுக்கு ஆயுள் முழுக்கத் தர வேண்டிய மருத்துவச் செலவும் உதவித்தொகையும் ஏறும். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வுக் குழு 2023இல் இவற்றையெல்லாம் 2050 வரை கூட்டி, சிரியாவில் நடந்த சண்டையையும் சேர்த்து, 2.89 லட்சம் கோடி டாலர் என்றது. டாலருக்கு 85 ரூபாய் வைத்தால் 245 லட்சம் கோடி ரூபாய். நம் மத்திய அரசின் ஏறத்தாழ ஐந்து ஆண்டு பட்ஜெட். ஸ்டிக்லிட்ஸ், பில்ம்ஸ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2008இலேயே சொன்ன 3 லட்சம் கோடியில், பொருளாதாரத்துக்கு ஏற்பட்ட சேதமும் அடக்கம். உங்கள் மகள் 2.89ஐ எடுத்துக்கொள்ளட்டும். அது அடக்க விலை. கொள்முதல் விலையை மட்டும் சொல்லி லாபம் காட்டுகிறவரை உங்கள் சந்தையிலேயே நம்ப மாட்டார்கள்.

போருக்கு முன் சொன்ன மதிப்பீடு என்ன தெரியுமா? அதிபர் புஷ்ஷின் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே 10,000 முதல் 20,000 கோடி டாலர் வரை ஆகலாம் என்று 2002 செப்டம்பரில் வாய்விட்டுச் சொன்னார். டிசம்பரில் அவர் பதவியில் இல்லை. பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் 5,000 கோடிக்குள் முடியும் என்றார். அவருடைய துணை அமைச்சர் வுல்ஃபோவிட்ஸ் ஒரு படி மேலே போய், ஈராக் தன் எண்ணெய்ப் பணத்தில் தன்னைத்தானே சீக்கிரம் கட்டிக்கொள்ளும் என்று 2003 மார்ச்சில் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். பிறகு மறுகட்டுமானத்துக்கு மட்டும் அமெரிக்க வரிப்பணம் 6,000 கோடி டாலர் போயிற்று. அதில் குறைந்தது 800 கோடி வீண் என்று அதைக் கண்காணிக்க அவர்களே நியமித்த சிறப்புத் தணிக்கையாளர் 2013இல் எழுதினார். பணியில் இருந்த காலத்தில் இப்படி எத்தனை அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன்! அணை கட்டி முடித்து, அது உடைந்தும் போன பிறகுதான் தணிக்கை அறிக்கை மேசைக்கு வரும். அதைப் படித்து யாருக்காவது வேலை போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. உண்மை மதிப்பீட்டைச் சொன்னவருக்குத்தான் போகும்.

இன்னொரு தந்திரம். இந்தச் செலவை அவர்கள் வழக்கமான பட்ஜெட்டில் வைக்கவே இல்லை. முதல் சில ஆண்டுகளுக்குப் பெரும்பகுதி ‘அவசரக் கூடுதல் ஒதுக்கீடு’ என்ற பெயரில் தனியாகப் போயிற்று. நம் சட்டமன்றத்தில் துணை மானியக் கோரிக்கை வரும் பாருங்கள், அதன் அண்ணன். ஐந்தாவது ஆண்டாக நடக்கும் போரில் என்ன அவசரம் திடீரென்று வந்தது? போர் தொடங்கிய இரண்டே மாதத்தில், 2003 மே மாதம், வரியையும் குறைத்தார்கள். ஆக முழுவதும் கடன். வாக்களித்தவன் பையிலிருந்து அன்றைக்கு ஒரு காசும் போகவில்லை. எனவே அவன் விலை கேட்கவும் இல்லை.

ஆனால் மேலே சொன்னது எல்லாம் ஒரு தரப்பின் பேரேடுதான். ஈராக்கியர் கொடுத்தது அதில் ஒரு வரிகூடக் கிடையாது. பேச்சுப் போட்டிகளில் யாரும் தொடாத இடம் இது.

பாக்தாத் விழுந்த பின் ஈராக்கை ஆண்ட அமெரிக்க நிர்வாகம், நியூயார்க் மத்திய வங்கிக் கிளையிலிருந்து சுமார் 1,200 கோடி டாலரை ரொக்கமாகவே விமானத்தில் இறக்கியது. 363 டன் எடை, 28 கோடிக்கு மேற்பட்ட தாள்கள். நூறு டாலர்க் கட்டுகளைப் பிளாஸ்டிக்கில் சுற்றிச் செங்கல் போல அடுக்கி, சரக்குப் பலகைகளில் ஏற்றி அனுப்பினார்கள். 2004 ஜூனில், நிர்வாகத்தை ஒப்படைக்கச் சில நாட்களே இருந்தபோது, ஒரே விமானத்தில் 240 கோடி டாலர் வந்தது. ஓர் ஒப்பந்தக்காரருக்கு 20 லட்சம் டாலரைப் பையில் போட்டுக் கொடுத்ததையும், அந்தக் கட்டுகளைப் பந்தாகத் தூக்கிப் போட்டு விளையாடியதையும் அங்கே வேலை பார்த்த அதிகாரி ஒருவர் செனட் உறுப்பினர்கள் முன் சொல்லியிருக்கிறார். அமைச்சகங்களுக்குத் தந்ததில் 880 கோடிக்கு முறையான கணக்கே இல்லை என்று 2005இல் தணிக்கை சொன்னது. இத்தனைக்கும் அது அமெரிக்கப் பணமே இல்லை. ஈராக்கின் எண்ணெய் விற்ற பணம், முடக்கி வைத்திருந்த ஈராக்கியச் சொத்து. கேள்வி வந்தபோது நிர்வாகத் தலைவர் பால் பிரெமர் தரப்பு சொன்ன சமாதானங்களில் இதுவும் ஒன்று: அது ஈராக்கியர் பணம்தானே! வீட்டைச் சோதனை போட வந்தவர் பீரோவைக் காலி செய்துவிட்டு, என் பணம் ஒன்றும் போகவில்லை என்று சொன்ன கதை. 2.89 லட்சம் கோடிக்குள் இந்தத் தொகையைத் தேடாதீர்கள். கிடைக்காது.

உயிர்க் கணக்குக்கு வருவோம். 2 லட்சம் என்பது செய்திகளிலும் ஆவணங்களிலும் பதிவான பொதுமக்கள் சாவுகளை ஒவ்வொன்றாக எண்ணியது. 6 லட்சம் என்பது 2006இல் வீடுவீடாக மாதிரிக் கணக்கெடுத்து, போர் வராமல் இருந்திருந்தால் இத்தனை பேர் செத்திருக்க மாட்டார்கள் என்று மதிப்பிட்டது. அதைக் கடுமையாக மறுத்தவர்களும் உண்டு. ‘பதிவானவர்கள் மட்டுமே 2 லட்சத்தை ஒட்டி’ என்று சொன்னால் மேடையில் யாரும் மடக்க முடியாது. பெரிய எண்ணைச் சொன்னால் உருக்கமாக இருக்கும் என்ற ஆசை வேண்டாம். அமெரிக்க வீரர்கள் இறந்தது 4,400க்கு மேல். முகாமில் சமைத்தவர்கள், லாரி ஓட்டியவர்கள் இந்த எண்ணில் வர மாட்டார்கள். ஜோர்டானில் ஓட்டல் வேலை என்று ஏஜென்ட் சொன்னதை நம்பிப் புறப்பட்ட நேபாளத்து ஏழைகள் 12 பேர் 2004 ஆகஸ்ட்டில் ஈராக்கில் கடத்திக் கொல்லப்பட்டார்கள். எந்த நாட்டின் போர்ப் பேரேட்டில் அவர்களுக்கு வரவு எழுதுவது?

ஏஜென்ட் என்றதும் பெரிய தரகர் ஒருவர் நினைவுக்கு வருகிறார், அகமது சலாபி. ஜோர்டானில் வங்கி மோசடி வழக்கில் 1992இல் தண்டனை அறிவிக்கப்பட்டு, வெளிநாட்டில் இருந்தவர். ஈராக்கை ஆண்ட சதாம் ஹுசேனை எதிர்க்கும் இயக்கம் நடத்துகிறேன் என்று அமெரிக்க வெளியுறவுத் துறையிடமிருந்து மட்டும் அவருடைய அமைப்பு 3 கோடி டாலருக்கு மேல் வாங்கியது. சதாமிடம் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று சொல்லும் ஆட்களையும் அந்த அமைப்பு அழைத்து வந்து காட்டியது. ஆயுதம் அகப்படவில்லை. அகப்படாது என்று தெரிந்த பிறகுதான் ‘மக்களாட்சிக்காகவே வந்தோம்’ என்ற பேச்சு ஓங்கியது. இதை உங்கள் மகள் கவனிக்க வேண்டும். போட்டித் தலைப்பிலேயே ‘மக்களாட்சியை நிறுவ’ என்று இருக்கிறது. அது பின்னால் ஒட்டிய சீட்டு. சரி, அந்த மக்களாட்சி வந்ததே, 2005 டிசம்பர் தேர்தலில் சலாபி அணிக்கு எத்தனை இடம் கிடைத்தது? ஒன்றுகூட இல்லை. சொந்த நாட்டில் ஓர் இடம்கூட வாங்க முடியாதவர் சொன்னதையும் கேட்டு ஒரு வல்லரசு படையெடுத்தது. சரக்கைக் காட்டாமல் விலை பேசும் தரகரை நீங்கள் கடைக்குள் விடுவீர்களா? இன்றும் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சலாபி ஏதோ ஒரு தலைநகரில் கோட்டு அணிந்து காத்திருக்கிறார். அவரைத் தொலைக்காட்சிகள் நிபுணர் என்று அழைக்கின்றன.

ஓட்டுப் போட்ட ஈராக்கியரின் ஊதா மை பூசிய விரல் படத்தைக் காட்டித் தொடங்கலாம் என்று யாராவது மகளுக்குச் சொல்லியிருப்பார்கள். கோச்சிங் குறிப்புகளில் எல்லாம் அந்தப் படம்தான். 2005 ஜனவரியில் குண்டுக்கு நடுவே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவர்களின் துணிச்சலில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த ஓட்டு என்ன ஆயிற்று என்பதுதான் கேள்வி. 2010 மார்ச் தேர்தலில் அயாத் அல்லாவியின் அணிக்கு 91 இடம், பிரதமர் மாலிகியின் அணிக்கு 89. ஆட்சி அமைக்க அழைக்க வேண்டியது பெரிய அணியை; தேர்தலுக்குப் பிறகு கூடுகிற கூட்டணியையும் அப்படிப் பெரிய அணியாகக் கொள்ளலாம் என்று நீதிமன்றம் விளக்கம் தந்தது. ஒன்பது மாத இழுபறி முடிந்தபோது பிரதமர் நாற்காலியில் மாலிகியே இருந்தார். பிரதமர் ஷியா, சபாநாயகர் சுன்னி, அதிபர் வடக்கே வாழும் குர்து இனத்தவர் என்று பங்கு பிரித்து, அமைச்சகங்களையும் அவற்றின் வேலைகளையும் கட்சிகள் பாகப்பிரிவினை செய்துகொண்டன. 2019 அக்டோபரில் இளைஞர்கள் பாக்தாத்தின் தஹ்ரீர் சதுக்கத்தில் ‘எங்களுக்கு ஒரு தாய்நாடு வேண்டும்’ என்று கூடினார்கள். அடுத்த சில மாதங்களில் நூற்றுக்கணக்கானோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். நடந்தது தேர்தலில் வந்த அரசாங்கத்தின் ஆட்சியில்.

இரண்டாம் உலகப் போரில் தோற்ற பிறகு மக்களாட்சியான ஜப்பான், ஜெர்மனி உதாரணம் எதிர்ப்படும். அவை வலியப் போய்ப் பிடித்த போர்கள் இல்லை. தாக்கப்பட்ட பின் நடந்தவை. ஜப்பானில் அரசு அலுவலகங்களை அப்படியே வைத்துக்கொண்டு வேலை வாங்கினார்கள். ஈராக்கில் பிரெமர் 2003 மே மாதம் ஒரே வாரத்துக்குள் ஆளுங்கட்சி அதிகாரிகளை வீட்டுக்கு அனுப்பி, ராணுவத்தையும் கலைத்தார். துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த, சம்பளம் நின்றுபோன லட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். அவர்களில் இருந்த அதிகாரிகள் சிலர் 2014இல் மொசூல் நகரைப் பிடித்த ஐ.எஸ். படையில் இருந்தார்கள். இதற்கு மேல் இந்த உதாரணத்தில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

குர்து மக்கள் விஷயத்தில் மட்டும் செலவழிக்க வேண்டும். மகள் பேச வேண்டிய பக்கத்துக்கு நேர்மையான ஒரே பிடி அதுதான். 1988 மார்ச் 16 அன்று ஹலப்ஜா ஊரில் சதாமின் விமானங்கள் விஷவாயு போட்டு ஏறக்குறைய 5,000 பேரைக் கொன்றன. அந்த ஆண்டு நடந்த அன்ஃபால் நடவடிக்கையில் கிராமம் கிராமமாக அழித்து, குறைந்தது 50,000 குர்துகளைக் கொன்றார்கள். இப்படி இழந்த ஒரு தாய்க்கு 2003இல் சதாம் போனது எந்த விலைக்கும் தகும். அவளிடம் போய் டாலர்க் கணக்குப் பேச எனக்கு வாய் வராது.

ஆனால் இங்கேயும் தேதியைப் பாருங்கள். குர்துகளுக்குப் பாதுகாப்பு 1991இலேயே வந்துவிட்டது. குவைத் போருக்குப் பின் கிளர்ந்தெழுந்து நசுக்கப்பட்டு, அவர்கள் லட்சக்கணக்கில் மலைகளுக்கு ஓடியபோது, சதாமின் விமானங்கள் வடக்கே பறக்கக் கூடாது என்று அமெரிக்காவும் பிரிட்டனும் பிரான்சும் தடுத்தன. அந்த நிழலில் 1992 மே மாதம் அவர்களே தேர்தல் நடத்திச் சட்டமன்றம் அமைத்தார்கள். வெளிநாட்டுப் படை பாக்தாத்துக்குள் நுழைய 11 ஆண்டுகளுக்கு முன்பு! அப்படியானால் 2003 அவர்களுக்குத் தந்தது என்ன? சதாம் திரும்பி வருவாரோ என்ற பயம் போயிற்று. 2005 அரசமைப்புச் சட்டத்தில் தனி மாநில உரிமை எழுத்தில் ஏறியது. சின்ன விஷயங்கள் இல்லை. அதற்காக அங்கே எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்லிவிடக் கூடாது. 2017இல் தனிநாடு கேட்டு 90 சதவீதத்துக்கு மேல் வாக்களித்தார்கள். அடுத்த மாதமே கிர்குக் நகரை பாக்தாத் படையிடம் இழந்தார்கள். 2022இல் நடக்க வேண்டிய அவர்களது சட்டமன்றத் தேர்தல் 2024 அக்டோபரில்தான் நடந்தது.

பக்கம் சீட்டில் விழுந்தது. அதைப் பேசுவதில் தவறில்லை. வழக்கறிஞர் செய்வதும் அதுதான். என் கருத்தைக் கேட்டால், தகாது. விலை பேசியவர் ஒருவர், கடன் வாங்கியவர் ஒருவர், செத்தவர் வேறொருவர் என்று இருக்கிற பேரத்தை நான் தணிக்கையில் அனுமதித்திருக்க மாட்டேன். ஆனால் அந்தக் கருத்தை மகள்மேல் சுமத்தாதீர்கள். எடுத்தவுடன் ‘யாருக்குத் தகும்?’ என்று கேட்டுவிட்டு, ஹலப்ஜாவிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். 2.89 லட்சம் கோடியையும், பதிவான 2 லட்சம் சாவுகளையும் எதிரணி சொல்லும் முன் அவரே சொல்லிவிடட்டும். மறைத்து வைத்தால்தான் அடி விழும்.

ஐந்து நிமிடம்தான் தருவார்கள் என்றால் சலாபியை விட்டுவிடலாம். எனக்குத்தான் அந்த ஆளை விட மனம் வருவதில்லை. நடுவர் 2010 தேர்தலைப் பற்றிக் கேட்டால் 91, 89 என்ற எண்கள் நாக்கில் இருக்க வேண்டும். அதை மட்டும் ஒரு தாளில் எழுதி உள்ளங்கைக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.