இ.சி.ஜி. நார்மல் என்றால் இதயத்தில் அடைப்பு இல்லையா?

கேள்வி: குலசேகரம் அருகே ரப்பர் பால்வெட்டு எங்கள் தொழில். அம்மாவுக்கு 56 வயது, 11 வருடமாகச் சர்க்கரை நோய். இரண்டு மாதமாகப் பால் வாளியோடு மேடு ஏறும்போது நெஞ்சு அடைக்கிறது, தாடை கடுக்கிறது. ஐந்து நிமிடம் நின்றால் சரியாகிவிடும். இ.சி.ஜி., எக்கோ இரண்டும் நார்மல். வாயு என்று மாத்திரை தந்தார்கள். 62 வயது அப்பாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்தோம், நன்றாக இருக்கிறார். டி.எம்.டி. (டிரெட்மில்லில் நடக்கவைத்து எடுக்கும் இ.சி.ஜி.) அடங்கிய ‘பேக்கேஜ்’ பரிசோதனையை இருவருக்கும் எடுக்கலாமா, நேராகத் திருவனந்தபுரம் போய் ஆஞ்சியோ எடுப்பதா?

பதில்: பேக்கேஜ் வேண்டாம். அம்மாவுக்குப் பரிசோதனை அவசியம், அதுவும் சீக்கிரம். அப்பாவுக்கு இப்போது தேவையில்லை. பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாகத்தான் நடக்கும்: ஸ்டென்ட் வைத்தவரை வருடாவருடம் கூட்டிப்போவார்கள், நெஞ்சடைப்பு உள்ளவர் வாயு மாத்திரை தின்றுகொண்டிருப்பார்.

நெஞ்சு நடுவில் அடைப்பு, உழைக்கும்போது வருவது, நின்றால் சில நிமிடத்தில் போவது. இந்த மூன்றும் சேர்ந்தால் அதை ஆஞ்சைனா, அதாவது இதயத் தசைக்கு ரத்தம் போதாமல் வரும் வலி என்போம். உங்கள் அம்மாவுக்கு மூன்றும் இருக்கின்றன. வாயு மேடு பார்த்து வருவதில்லை. படுத்திருக்கையில் எடுத்த இ.சி.ஜி. அந்த நேரத்து இதயத்தைத்தான் காட்டும். ரத்தக்குழாய் 70 சதவீதம் அடைத்திருந்தாலும் ஓய்வில் ரத்தம் போதுமானதாக இருப்பதால் கோடு ஒழுங்காகவே வரலாம். எக்கோவும் அப்படித்தான். அது காட்டுவது தசையின் துடிப்பையும் வால்வையும். குழாய் அடைப்பை நேரடியாகக் காட்டாது. ஆனாலும் அந்த எக்கோ வீண் இல்லை. வால்வு கடுமையாகச் சுருங்கியவரை டி.எம்.டி.யில் ஓடவிடுவது ஆபத்து. அம்மாவுக்கு அது இல்லை என்று தெரிந்துவிட்டது. கூடவே ஹீமோகுளோபின், தைராய்டு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பாருங்கள். ரத்தம் குறைந்தாலும் இந்த நெஞ்சடைப்பு அதிகமாகும்.

அடுத்து டி.எம்.டி.யா, அயோடின் மருந்து ஏற்றி ஸ்கேனில் ரத்தக்குழாயைப் பார்க்கும் சி.டி. ஆஞ்சியோவா? டி.எம்.டி.யில் 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். முதல் கட்டம் மணிக்கு 2.7 கி.மீ., 10 சதவீத ஏற்றம். நாடித்துடிப்பு 220-இலிருந்து வயதைக் கழித்ததில் 85 சதவீதத்தைத் தொட வேண்டும். அம்மாவுக்கு அது நிமிடத்துக்கு 139. அதற்கு முன்பே கால் வலித்து இறங்கிவிட்டால் ‘நெகட்டிவ்’ என்ற சீட்டுக்கு மதிப்பு இல்லை. பெண்களுக்கு அடைப்பு இல்லாமலே ‘பாசிட்டிவ்’ காட்டுவதும் உண்டு. ஆகவே, அம்மாவின் அறிகுறியையும் சர்க்கரையையும் சேர்த்துப் பார்த்தால், கிரியேட்டினின் சரியாக இருந்தால் நான் சி.டி. ஆஞ்சியோ பக்கம் சாய்வேன். கிரியேட்டினின் கூடியிருந்தால் மருந்து செலுத்தி இதயத்தை வேகமாகத் துடிக்கவைத்து எடுக்கும் ஸ்ட்ரெஸ் எக்கோ நல்லது. இதய மருத்துவர் டி.எம்.டி.யைத் தேர்ந்தாலும் தவறில்லை. ஆனால் அது நெகட்டிவாக வந்து நெஞ்சடைப்பும் தொடர்ந்தால் விஷயம் முடிந்ததாக விட்டுவிடக் கூடாது.

ஒரே மாத்திரை இங்கே இரண்டு விதமாக வேலை செய்யும். மெட்டோப்ரோலால் போன்றவை நாடியைக் குறைக்கும். சி.டி.க்குப் படம் தெளிவாக விழத் துடிப்பு 60–65க்குள் இருக்க வேண்டும் என்பதால் அதைக் கொடுப்பார்கள்; டி.எம்.டி.க்கு 24 முதல் 48 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், கேட்டுச் செய்யுங்கள். இரண்டுக்கும் காபி, தேயிலை முந்தின நாளிலிருந்தே வேண்டாம். எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் வரவேண்டும், அன்று காலை சர்க்கரை மாத்திரை போடலாமா என்பதையும் கேளுங்கள். மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினியாகப் போனால் சர்க்கரை இறங்கும். சி.டி.க்கு முன் அயோடின் மருந்து ஒவ்வாமை உண்டா என்பதைச் சொல்லுங்கள். சிறுநீரகம் பாதித்திருந்தால் மெட்ஃபார்மினை 48 மணி நேரம் நிறுத்தச் சொல்வார்கள்.

நேரடி ஆஞ்சியோகிராம் எப்போது? கொஞ்ச தூரம் நடந்தாலே நெஞ்சடைப்பு வந்தாலோ, மருந்து கொடுத்தும் குறையாவிட்டாலோ, எக்கோவில் பம்பிங் குறைந்திருந்தாலோ, சி.டி.யில் பெரிய குழாயில் அடைப்பு தெரிந்தாலோ.

அப்பா விஷயம் சுருக்கமானது. ஸ்டென்ட் வைத்த, ஆபத்து அதிகமுள்ள 1,706 பேரிடம் தென்கொரியாவில் செய்த ஆய்வு 2022-இல் வெளிவந்தது. ஒரு வருடம் கழித்து அறிகுறி இல்லாமலே ஸ்ட்ரெஸ் பரிசோதனை (டி.எம்.டி. போல இதயத்தை உழைக்கவைத்துப் பார்ப்பது) செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும், மரணத்திலோ மாரடைப்பிலோ வித்தியாசம் தெரியவில்லை. பணத்தை எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பைக் குறைக்கச் செலவிடுங்கள்: 70க்குக் கீழே, முடிந்தால் 55க்குக் கீழே. ஆஸ்பிரினை நிறுத்தக் கூடாது. பழைய நெஞ்சடைப்பு திரும்பினாலோ, முன்பு ஏறிய மேட்டில் இப்போது மூச்சு முட்டினாலோ அப்போது பரிசோதனை. டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அதில் ஸ்டென்ட் அளவு இருக்கும். 3 மி.மீ.க்குக் குறைந்த ஸ்டென்டின் உட்புறம் சி.டி.யில் சரியாகத் தெரியாது. அப்படியானால் அவருக்கு வேறு பரிசோதனைதான்.

அம்மாவுக்கு நாள் குறிப்பதற்குள் ஓய்விலேயே நெஞ்சடைப்பு வந்தாலோ, 15 நிமிடத்தைத் தாண்டினாலோ, வியர்த்தாலோ, பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள், பைக்கில் நடுவே உட்காரவைத்து நாகர்கோவிலுக்குக் கிளம்பாதீர்கள். ஆம்புலன்ஸ் தாமதமானால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் தர வேண்டிய ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகள் அங்கே வைத்திருக்கிறார்கள். வலி தொடங்கிய முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை நெகட்டிவாகவே வரலாம். சில மணி நேரம் கழித்துத் திரும்ப எடுக்காமல் அனுப்பினால் சம்மதிக்காதீர்கள். அம்மாவின் பரிசோதனை முடியும்வரை பால் வாளியை வேறு யாராவது சுமக்கட்டும்.