எடிட்டிங் மேஜை: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கம்ப்யூட்டர் வாங்குவதைப் பற்றியவை. ஆடி பிறக்கப் போகிறது, கல்யாண வேலை இருக்காது. புது மெஷின் வாங்கி, சாஃப்ட்வேர் போட்டு, பழகிப் பார்க்க நம் தொழிலில் இதைவிட நல்ல மாதம் கிடையாது. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மட்டும் மெஷினை மாற்றாதீர்கள்.

கேள்வி: கல்யாண வீடியோ எடுத்து நானே எடிட் செய்கிறேன். போன வருடம் சோனியில் 4கே, 4:2:2, 10-பிட் எடுக்கும் கேமராவுக்கு மாறினேன். அன்று முதல் பிரீமியர் ப்ரோ எடிட்டிங் சாஃப்ட்வேரில் டைம்லைன் (கிளிப்களை அடுக்கி வெட்டும் பட்டை) ஸ்டக் ஆகி ஆகித்தான் ஓடுகிறது. புது மெஷினுக்குக் கடையில் ஐ5 12400எஃப் பிராசஸர், 16 ஜிபி ராம் ஒன்று, ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, 1 டிபி என்விஎம்இ டிஸ்க் என்று கொட்டேஷன் தந்தார்கள். இன்னும் பெரிய கார்டு போட்டால் பிரச்சினையே வராது என்கிறார் கடைக்காரர். போடலாமா?
(வீடியோகிராபர், தேனி)

பெரிய கார்டு வேண்டாம். கொட்டேஷனில் முதலில் மாற்ற வேண்டியது ஒரே ஓர் எழுத்து: 12400எஃப் என்பதன் கடைசியில் நிற்கும் அந்த எஃப்.

காரணம் சொல்கிறேன். உங்கள் கேமரா ஒவ்வொரு ஃபிரேமையும் முழுப் படமாக எழுதுவதில்லை. நடுநடுவே ஒரு முழுப் படம் வைக்கும், மற்ற ஃபிரேம்களில் என்ன மாறியதோ அதை மட்டும் எழுதும். தொடர்கதையின் ஏழாவது அத்தியாயம் புரிய முந்தைய ஆறும் தெரிந்திருக்க வேண்டும் இல்லையா, அதே மாதிரிதான். டைம்லைனில் ஓர் இடத்தைத் தொட்டால் கம்ப்யூட்டர் பின்னால் போய் முழுப் படத்தைப் பிடித்து, அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டே வர வேண்டும். இதற்கென்றே கிராஃபிக்ஸ் கார்டுக்குள் டிகோடர் என்று தனியாக ஒரு பகுதி இருக்கிறது. அந்தப் பகுதிக்குத் தெரியாத ஃபைல் வந்தால் கார்டு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் பயனில்லை. முழுச் சுமையும் பிராசஸர் தலையில் விழும்.

உங்கள் ஃபைல் அந்த வகை. 4:2:0 என்றால் எட்டு பிக்சலுக்கு இரண்டு இடத்தில் நிறத் தகவல் இருக்கும். 4:2:2 என்றால் நான்கு இடத்தில். 10-பிட் என்பது ஒவ்வொரு நிறத்தையும் 8-பிட்டைவிட நுணுக்கமான படிகளாக எழுதுவது. பட்டுப்புடவையின் அரக்குச் சிவப்பைக் கிரேடிங்கில், அதாவது நிறம் திருத்தும் வேலையில், இழுக்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும், அதனால் உங்கள் கேமராவைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என்விடியாவில் 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய எந்தக் கார்டும் 4:2:2-வை டிகோட் செய்யாது. 3060-க்குப் பதில் 3090 போட்டாலும் இந்த விஷயத்தில் நிலைமை அதேதான். இன்டெல்லில் 11-ஆம் தலைமுறையிலிருந்து டெஸ்க்டாப் பிராசஸருக்குள்ளேயே வரும் கிராஃபிக்ஸ், எச்.265 என்ற சுருக்கும் முறையில் எடுத்த 4:2:2 10-பிட்டைச் சுலபமாக டிகோட் செய்துவிடும். குயிக் சிங்க் என்று அதற்குப் பெயர். எஃப் என்று முடியும் பிராசஸரில் அந்த கிராஃபிக்ஸ் கிடையாது. கொஞ்சம் விலை குறைகிறதே என்று எஃப் வாங்கினால், உங்களுக்கு எது வேண்டுமோ அதையே விட்டுவிட்டு வந்ததாகிவிடும்.

வெறும் 12400 வாங்குங்கள். மதர்போர்டின் பயாஸ் செட்டிங்கில் (மெஷின் ஆன் ஆகும்போது திறக்கும் அடிப்படை அமைப்பு) உள் கிராஃபிக்ஸ் ஆன் ஆகியிருக்கிறதா என்று கடையிலேயே பார்க்கச் சொல்லுங்கள். தனிக் கார்டு போட்டதும் பல போர்டுகள் அதைத் தானாக அணைத்துவிடும். பிரீமியரில் ப்ரிஃபரன்சஸுக்குள் மீடியா பகுதிக்குப் போய் இன்டெல் டிகோடிங்குக்கு டிக் போடுங்கள். கேமராவிலும் ஒரு மாற்றம் வேண்டும். சோனியில் எக்ஸ்ஏவிசி எஸ் என்ற ரெக்கார்டிங் வகை பழைய முறையான எச்.264, எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்பது எச்.265. 12400-க்கு எச்.264-இல் 4:2:2 10-பிட் தெரியாது, ஆகவே 4:2:2 எடுக்கும்போது எச்எஸ்ஸில் எடுங்கள். தாலி கட்டும் நேரத்துக்கும் அவுட்டோருக்கும் அது போதும். பந்தியையும், மேடையில் வரிசையாக நின்று பரிசு கொடுப்பதையும் 4:2:2-வில் எடுத்து மெஷினை வருத்த வேண்டாம், சாதாரண 8-பிட் 4:2:0 தாராளம்.

3060 கார்டு அப்படியே இருக்கட்டும், கலர் எஃபெக்டுக்கும் எக்ஸ்போர்ட்டுக்கும் உதவும். ராம் மட்டும் ஒன்றுக்குப் பதில் 16 ஜிபி இரண்டாகப் போடுங்கள். இரண்டு குச்சி போட்டால் பிராசஸருக்கும் ராமுக்கும் இடையே இரண்டு வழி திறக்கும்.

கேள்வி: பாட்டி சமைப்பதைப் போனில் எடுத்து யூடியூபில் போடுகிறேன். எட்டாம் தலைமுறை ஐ5 லேப்டாப், 8 ஜிபி ராம், பழைய ஹார்டு டிஸ்க். 4கே கிளிப் போட்டாலே நின்றுவிடுகிறது. அப்பா 45,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். எந்த லேப்டாப் வாங்கலாம்? அப்புறம், சில வீடியோவில் பாட்டியின் குரல் போகப் போக விலகிவிடுகிறது. ஏன்?
(கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

அந்தப் பணம் இப்போதைக்கு அப்பாவிடமே இருக்கட்டும். லேப்டாப்பைத் திறந்து ராம் ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இன்னொரு 8 ஜிபி போட்டு, ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) மாட்டுங்கள். லேப்டாப் ஹார்டு டிஸ்க் நொடிக்கு 100 எம்பி தருவதே அதிகம், எஸ்எஸ்டி 500-ஐத் தாண்டும். அதோடு ப்ராக்ஸி போடப் பழகுங்கள். ஒரிஜினல் கிளிப்புக்குப் பதில் அதன் சின்ன நகலை 720பி-யில் உருவாக்கி அதில் வெட்டி ஒட்டுவது, கடைசியில் எக்ஸ்போர்ட் மட்டும் ஒரிஜினலில் இருந்து. ராத்திரி படுக்கப் போகும்போது ப்ராக்ஸி ஓட விட்டால் காலையில் தயாராக இருக்கும்.

குரல் விலகுவதற்கும் லேப்டாப்புக்கும் சம்பந்தமில்லை. போன் கேமரா எப்போதும் ஒரே வேகத்தில் ஃபிரேம் எடுப்பதில்லை. அடுப்படியில் வெளிச்சம் குறைந்தால் நொடிக்கு 30 என்பதைத் தானே குறைத்துக்கொள்ளும். எடிட்டிங் சாஃப்ட்வேர் எல்லா நொடிக்கும் 30 என்று நம்பிக் கணக்குப் போட, கடுகு வெடித்த பிறகுதான் சத்தம் வரும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாஃப்ட்வேரில் கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட் வைத்து மாற்றிவிட்டு எடிட் செய்யுங்கள். மிச்சப் பணத்தில் ஒரு சட்டை மைக்கும் ஒரு எல்இடி லைட்டும் வாங்குங்கள். பாட்டியின் பேச்சு தெளிவாகக் கேட்டாலே பாதி வேலை முடிந்தது.

கேள்வி: எடிட்டிங்குக்கு 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் வேண்டுமா?
(ஈரோடு)

வேண்டாம். 165 ஹெர்ட்ஸ் என்றால் திரை நொடிக்கு 165 முறை மாறும், நம் வீடியோவோ நொடிக்கு 25 அல்லது 50 ஃபிரேம்தான். பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் பேனலா, வழக்கமான நிற அளவுகோலான எஸ்ஆர்ஜிபி 100 சதவீதத்துக்குப் பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள். லேப்டாப் விவரத்தில் 45 சதவீதம் என்டிஎஸ்சி (இன்னொரு நிற அளவுகோல்) என்று இருந்தால் அது குறைந்த நிறங்களையே காட்டும், அதில் கலர் பார்க்காதீர்கள். மஞ்சளும் குங்குமமும் வெளுத்துத் தெரியும், நீங்கள் ஏற்றி ஏற்றி வைப்பீர்கள், வீட்டு டிவியில் முகமெல்லாம் சிவந்திருக்கும்.

கேள்வி: 600 விஏ யூபிஎஸ் வைத்திருக்கிறேன். ரெண்டர் (எடிட்டை முழு வீடியோவாக மாற்றும் வேலை) நடக்கும்போது கரண்ட் போனால் மெஷினும் அணைந்துவிடுகிறது. பேட்டரி புதிதுதான்.
(பொள்ளாச்சி)

600 விஏ யூபிஎஸ்கள் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். ரெண்டர் நேரத்தில் கார்டு, பிராசஸர், மானிட்டர் மூன்றும் சேர்ந்து அந்த எல்லையை முட்டும். 1 கேவிஏ-வுக்கு மாறுங்கள். மெஷினுக்குள் இருக்கும் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸை லோக்கலாக வாங்கியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ஃபுட்டேஜை எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கில் வைத்து அதிலேயே எடிட் செய்கிறேன். மூன்று கேமரா படத்தையும் ஒன்றாக ஓடவிடும் மல்டிகேம் போட்டால் நகரவில்லை. எஸ்எஸ்டி வாங்கினால் பழைய டிஸ்கை விற்றுவிடலாமா?
(காரைக்குடி)

விற்காதீர்கள். நொடிக்கு 100 மெகாபிட் ஃபுட்டேஜ் என்றால் 12.5 எம்பி, மணிக்கு 45 ஜிபி. ஒரு கேமரா ஃபைலை ஹார்டு டிஸ்க் தாராளமாகத் தரும். மூன்றை ஒரே நேரத்தில் கேட்டால் உள்ளே இருக்கும் முள் மூன்று இடத்துக்கும் மாறி மாறி ஓட வேண்டும், அதுதான் நகரவில்லை. நடக்கிற வேலையை எஸ்எஸ்டியில் வையுங்கள். ஹார்டு டிஸ்க் நகலுக்கு. மூன்று கேமரா ஆளுக்கு ஆறு மணி நேரம் ஓடினால் ஒரே கல்யாணம் 810 ஜிபி, இதையெல்லாம் எஸ்எஸ்டியில் சேர்த்து வைக்க நம் வருமானத்தில் முடியாது. இரண்டு டிஸ்கில் ஏறிய பிறகுதான் கேமராவின் மெமரி கார்டை ஃபார்மட் செய்ய வேண்டும். ஒரு டிஸ்க் கடையில், ஒன்று வீட்டில்.

கேமராவில் போடும் சின்ன மினி டிவி (DV) டேப் காலத்தில் இந்தப் பயம் எங்களுக்கு இல்லை. ஒரு மணி நேர டேப்பை ஏற்ற ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், 13 ஜிபி பிடிக்கும், ஆனால் டேப் அலமாரியில் பத்திரமாக இருக்கும். கார்டுக்கு மாறிய புதிதில் நான் ஒரே ஒரு டிஸ்கில் ஏற்றிவிட்டு கார்டுகளை ஃபார்மட் செய்துவிடுவேன். ஒருநாள் அந்த டிஸ்க் மேஜையிலிருந்து விழுந்தது. முகூர்த்தம் முழுவதும் போயிற்று. இன்னொரு கேமராவில் பின்பக்கமிருந்து எடுத்த தாலி கட்டு மட்டும் மிஞ்சியது. விஷயத்தைச் சொல்ல அந்த வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளையின் பாட்டி கல்யாணம் முடிந்த மூன்றாம் வாரம் தவறியிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா என்னைத் திட்டவில்லை. "எங்க அம்மா முகம் எங்கயாவது இருக்கா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

கடைக்கு வந்து எல்லாக் கார்டையும் மறுபடி போட்டுப் பார்த்தேன். பந்தியில் எடுத்த ஒரு கார்டு மட்டும் ஃபார்மட் ஆகாமல் பையில் கிடந்தது. அதில் பாட்டி இலை முன்னால் உட்கார்ந்து பக்கத்துக் குழந்தைக்கு அப்பளம் உடைத்துக் கொடுக்கிறார். பதினோரு நொடி. அதை மட்டும் தனியாக ஒரு சிடியில் போட்டு அன்று மாலையே கொண்டுபோய்க் கொடுத்தேன்.