ஊர்ப் பத்திரிகையில் ஒரு வரி

வணக்கம்.

ஓஹையோவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பாட்டி தவறிவிட்டார். அடுத்த மாதம் நினைவுக்கூட்டம். இரங்கல் குறிப்பு எழுத அவர் மகளோடு நானும் உட்கார்ந்தேன். ஊர் வார இதழில் வரிக்கு இவ்வளவு என்று காசு கேட்கிறார்கள். இறுதிச் சடங்கை நடத்தித் தரும் ஃப்யூனரல் ஹோமின் இணையதளத்திலோ இலவசம். செலவைக் குறைக்கச் சுருக்கியதில், சர்ச் விருந்துக்கு வருஷம் தவறாமல் ஆப்பிள் பை சுட்டுத் தந்தவர் என்ற வரி போய்விட்டது. அந்த இதழில் பாதி சாவுச் செய்தி, மீதி யார் வீட்டுக்கு யார் வந்தார் என்பது. இதற்குக் காசு கொடுக்கத்தான் வேண்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கொடுக்கச் சொல்லுங்கள். ஆப்பிள் பை வரியையும் சேர்த்து.

யார் வீட்டுக்கு யார் வந்தார் என்பதை அற்பமாக நினைக்காதீர்கள். உங்கள் மாநிலத்தின் சுகர்க்ரீக்கிலிருந்து 1890 முதல் வரும் 'தி பட்ஜெட்' இதழ் அதை வைத்தே நிற்கிறது. ஆமிஷ், மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் குடியிருப்புகளிலிருந்து ஊருக்கொருவர் கடிதம் எழுதுகிறார். மழை பெய்ததா, இந்த ஞாயிறு வழிபாடு யார் வீட்டில், யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் ஆஸ்பத்திரியில். வேறு மாநிலத்தில் இருக்கும் சொந்தக்காரருக்குச் சேதி போய்ச் சேரும் வழிகளில் அதுவும் ஒன்று.

இரங்கல் குறிப்புக்கு வருவோம். கன்சாஸில் எம்போரியா என்ற ஊர். அங்கே 'எம்போரியா கெஜட்'டை நடத்தியவர் வில்லியம் ஆலன் வைட். 1921 மே மாதம் அவருடைய 16 வயது மகள் மேரி இறந்துபோனாள். குதிரையிலிருந்து விழுந்து இறந்ததாகச் செய்தி நிறுவனத்தின் தந்தி நாடெங்கும் போனது. மே 17 அன்று தகப்பனார் தன் பத்திரிகையில் எழுதினார்: அவள் குதிரையிலிருந்து விழுகிறவளே அல்ல. தெரிந்த பையனைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே போனாள், குதிரை ஓரமாகத் திரும்பியது, தாழ்ந்திருந்த மரக்கிளை தலையில் அடித்துவிட்டது. பள்ளியில் கறுப்பினப் பெண் ஒருத்தி உட்கார இடமில்லாமல் கழிப்பறையில் இருந்து படித்ததைப் பார்த்துவிட்டு, கறுப்பினப் பெண்களுக்கென்று ஓர் ஓய்வறை வேண்டும் என்று பெரியவர்களை மேரி நச்சரித்ததையும் எழுதினார். அந்தத் தந்தியை அடித்தவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? கூட இருந்தவருக்குத்தான் தெரியும்.

அதனால்தான் இந்தப் பத்திரிகைகள் போவது எனக்கு அவ்வளவு வலிக்கிறது. 2005-க்குப் பிறகு அமெரிக்கச் செய்தித்தாள்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மூடப்பட்டோ இன்னொன்றோடு சேர்க்கப்பட்டோ மறைந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை வார இதழ்கள். அப்புறம் இன்னொரு கொடுமை: விளம்பரக் காசுக்காக, நேற்று இறந்த சாதாரண மனிதர்களைப் பற்றி மென்பொருளை வைத்துப் பொய்யும் புரட்டுமாகக் குறிப்பு தயாரித்துப் போடும் தளங்கள் வந்துவிட்டன. துக்கத்தில் இருக்கும் குடும்பம் அதையும் படிக்க வேண்டியிருக்கிறது.

பழைய ஊர்ப் பத்திரிகைகள் எல்லாரையும் ஒன்றாக நடத்தின என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் பல பத்திரிகைகள் வெகுகாலம் கறுப்பினத்தவரின் சாவைத் தனிப் பத்தியில் ஒதுக்கின, அல்லது போடவே இல்லை. இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பழைய பத்திரிகைகளைப் படமெடுத்து வைத்த மைக்ரோஃபிலிம் சுருளைச் சுழற்றிச் சுழற்றித் தேடுகிறார்கள், தாத்தா பெயர் கிடைப்பதில்லை. வரிக்குக் காசு என்று வந்த பிறகு ஏழைகளும் அதே போல விடுபட்டுப் போகிறார்கள். ஊர்க்காரர் ஒருவர் இறந்ததை நாலு வரியிலாவது பத்திரிகை இலவசமாகப் போட வேண்டும் என்பது என் கட்சி. சில சின்ன இதழ்கள் இன்னும் அப்படிச் செய்கின்றன. உங்கள் ஊரிலும் கேட்டுப் பாருங்கள்.

ஃப்யூனரல் ஹோம் கைமாறினால் அதன் இணையப் பக்கம் என்ன ஆகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அச்சில் வந்தது நூலகத்தில் இருக்கும். சுருக்கித்தான் ஆக வேண்டும் என்றால், 'அன்பான மனைவி, பாசமான தாய்' என்று எல்லாக் குறிப்பிலும் வரும் சொற்களை மகள் எடுக்கட்டும். பாட்டியின் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர், பிறந்த ஊர், பெற்றோர் பெயர் மூன்றும் கட்டாயம் வேண்டும். பின்னால் வம்சாவளி தேடுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். சுருக்காத முழுக் குறிப்பை அச்செடுத்து ஊர் நூலகத்தில் கொடுத்து வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்ற முறையில் உங்களுக்கு மட்டும் தெரிந்தது ஏதாவது இருந்தால், அதையும் மகளிடம் சொல்லிச் சேர்க்கப் பாருங்கள்.